நியூட்ரல்ல நாலாயிரத்து ஐநூறு

உங்களுக்கு ஆர்.பி.எம்.னா என்னன்னு தெரியுங்களா? தெரியாட்டிப் பரவால்லீங்க, நான் சொல்றேன். பொள்ளாச்சி போய்ச் சேர்ற வரைக்கும் நமக்கு வேற என்ன வேல? என்ஜின் ஒரு நிமிசத்துக்கு எத்தன சுத்து சுத்துதுங்கற கணக்கு, அவ்வளவுதான். எங்க பட்டறைல வெட் கிரைண்டருக்கு மாட்டற மோட்டார் ஆயிரத்து நானூத்து நாப்பது சுத்தும். மாவாட்ட அது போதும். என்ற பைக்கு பத்தாயிரம் சுத்துமுங்க. பத்தாயிரம்! சுத்திக்கிட்டிருந்துச்சு. இப்ப நாலாயிரத்து ஐநூறுல நிக்குது. அந்த நாலாயிரத்து ஐநூறுல என்ற பொண்ணு கல்யாணமும் சேந்து நிக்குது. எவனாவது கேட்டா சிரிப்பான். நீங்க சிரிக்க மாட்டீங்கன்னு மூஞ்சியப் பாத்தாலே தெரியுது, அதான் பக்கத்துல வந்து உக்காந்தேன்.

பேரு தெய்வசிகாமணிங்க. சிங்காநல்லூர்ல கேட்டுப் பாருங்க, கிரைண்டர் சிகாமணின்னா பாதிப் பேருக்குத் தெரியும், பத்தாயிரம் சிகாமணின்னா அத்தன பேருக்கும் தெரியும்.

வண்டி ஜப்பான் வண்டிங்க. நாலு சிலிண்டர். ரேஸ் ஓட்டறதுக்குன்னு ஒருத்தர் புதுசா எறக்கி, ஓட்டாமயே வித்தாரு, வாங்கிப் போட்டேன். என்ற பொண்ணு நிரஞ்சனா அப்ப அஞ்சாங் கிளாசு. வண்டி வந்த அன்னிக்கே பெட்ரோல் டேங்க் ஒரு பக்கம் நசுங்கிருச்சு. எங்க வீட்டு கேட்டு வந்து இடிச்சிருச்சுங்க. வண்டி போய் இடிச்சதுன்னு எங்க மச்சான் ஊரெல்லாம் சொல்லி வெச்சிருக்காரு, நம்பாதீங்க, கேட்டுதான் வந்து இடிச்சுது. அன்னிலேர்ந்து நான் அவசரப்படறதில்ல. நல்ல நாளா அமையட்டும், ரோட்ல எடுக்கலாம்னு இருந்தனுங்க. நம்மூரு ரோடு உங்களுக்கே தெரியும். ஒரு வருசம் குழாய்க்குத் தோண்டுவாங்க, ஒரு வருசம் பாலத்துக்குத் தோண்டுவாங்க. நடுவுல எனக்கு முட்டி வலி வேற.

அதுக்காக வண்டியச் சும்மா போட்டு வெச்சிருந்தேன்னு நினைச்சறாதீங்க. ஞாயித்துக்கெழம தவறாம வாசல்ல சென்டர் ஸ்டாண்டு போட்டு நிறுத்தி, ஸ்டார்ட் பண்ணி, முறுக்குவேன். ஆர்.பி.எம். மீட்டர்ல முள்ளு ஏறும். அஞ்சு, ஏழு, ஒம்பது, பத்தாயிரம். மூணு வீடு தள்ளி குக்கர் விசிலடிச்சாக் கேக்காது. அப்படி ஒரு சத்தம். அதக் கேட்டாத்தான் எனக்கு அந்த வாரமே ஓடும்.

பொறவு தெருவுல ஒரு பழக்கம் வந்துருச்சுங்க. பயந்த கோளாறு இருக்கற கொழந்தைகளத் தூக்கிட்டு வருவாங்க. தூக்கத்துல உலுக்கி உலுக்கி எந்திரிக்கும் பாருங்க, அந்த மாதிரி. மசூதில போய் மந்திரிச்சுட்டு நேரா எங்க வாசலுக்குத்தான் வருவாங்க. நான் ஒரு தடவ பத்தாயிரம் முறுக்குவேன், கொழந்த ஒரு பாட்டம் அழுகும், அதோட சரி, அப்பறம் எதுக்கும் பயப்படாது. என்ற பொண்ணே அந்தச் சத்தத்துல வளந்தவதான். பல்லியப் புடிச்சுப் பையில போட்டுக்குவா. காலேஜுக்கே சின்ன பைக் ஒண்ணு ஓட்டிக்கிட்டுப் போனவ. எங்க வீட்ல, சரோஜினி, ஒரு நாள் சொன்னா, "ஏனுங்க, ஊருக் கொழந்தைகளுக்கெல்லாம் பயம் தெளிஞ்சுது, அத்தன வருசமா வண்டிக்குப் பக்கத்துலயே நிக்கறீங்க, உங்களுக்கு..." அப்படின்னு ஆரம்பிச்சா. பாதில நிறுத்திட்டு உள்ள போயிட்டா. என்ன சொல்ல வந்தான்னு இன்னிக்கு வரைக்கும் எனக்குப் புரியலீங்க.

சரி, மாப்பிள்ளைக்கு வர்றேன்.

பையன் பேரு கௌரிசங்கர். இருகூர்ப் பக்கம். ஆட்டோமொபைல் படிச்சுட்டு ரேஸ் வண்டிகளுக்கு என்ஜின் சரி பண்ற கம்பெனில இருக்கான். பொண்ணு பாக்க வந்தானுங்க. பொண்ண அஞ்சு நிமிசம் பாத்தான், வண்டிய முக்கா மணி நேரம் பாத்தான். போண்டா ஆறிப் போச்சு. அவங்கம்மா கூப்பிடுறாங்க, காதுலயே விழுகல, மண்டி போட்டு என்ஜினுக்கு அடியில பாத்துக்கிட்டிருக்கான். எனக்கு அப்பவே தோணிருச்சு, மாப்பிள்ளைன்னா இவன்தான். நிரஞ்சனாவுக்கும் புடிச்சுப் போச்சு. என்ன பேசினாங்கன்னு தெரியாது, மாடிக்குப் போனவங்க சிரிச்சுக்கிட்டே எறங்கி வந்தாங்க.

போறப்ப சொன்னான், "மாமா, நாலு கார்புரேட்டரும் ஒழுகுதுங்க. நான் இன்ஜெக்‌ஷனா மாத்திக் குடுத்தறட்டுங்களா?"

கார்புரேட்டர்னா ஒண்ணுமில்லீங்க, பெட்ரோலையும் காத்தையும் அதுவாக் கலந்து என்ஜினுக்குக் குடுக்கற சாமான். எல்லாம் ஒரு குத்துமதிப்புதான், சாம்பாருக்கு உப்புப் போடற மாதிரி. இன்ஜெக்‌ஷன்னா, சீட்டுக்கு அடியில ஒரு கம்ப்யூட்டர் டப்பா உக்காந்துக்கிட்டு, இவ்வளவு பெட்ரோல்தான்னு அளந்து பீச்சும். எனக்கு என்னவோ மொதல்லயே ஒப்பல. ஆனா மாப்பிள்ளை கேக்கறான். வீட்டுக்கு வர்ற மாப்பிள்ளை ஆசையா ஒண்ணு செய்யறேங்கறப்ப வேண்டாம்னு சொல்ல முடியுங்களா? சின்ன லாரில ஏத்தி அனுப்பி வெச்சேன். எப்பவுமே லாரிலதான் அனுப்பறது, இருகூர் கிட்டத்துலதான் இருக்குதுன்னாலும்.

வேல முடிச்சுட்டுப் போன் பண்ணினானுங்க. "மாமா, கியர் பாக்ஸத் தொறந்து பாத்தேன். பல்லு ஒண்ணு கூடத் தேயல. டயர்ல புதுசுல முள்ளு முள்ளா ரப்பர் முடி இருக்குமில்லீங்களா, அது கூட அப்படியே இருக்குது" அப்படின்னான். எனக்குப் பெருமையாப் போச்சு. "அப்படிப் பாத்துக்கறேன் மாப்பிள்ளை. வாராவாரம் அந்த முடிக்குக் கூட நான்தான் துணி போட்டுத் தொடைக்கறேன்"னு சொன்னேன். அவன் "சரிங்க மாமா"ன்னான். அப்பறம், "என்ஜின் பேரிங் மட்டும் நல்லா அடி வாங்கியிருக்குதுங்க, மாத்திட்டேன்"னான். ஜப்பான் பேரிங்குங்க, நம்மூரு சூட்டுக்கு ஒத்துக்காது.

ஆயுத பூஜைக்கு வண்டி வந்து எறங்குச்சு. உங்களுக்குத் தெரியாதது இல்ல, நம்மூர்ல ஆயுத பூஜைன்னா தீவாளிக்கு மேல. எங்க தெருவுல ஒரு முறை இருக்குது. எல்லாப் பட்டறைலயும் பூச முடிச்சுட்டு எங்க வாசலுக்கு வந்துருவாங்க. சக்கரத்துக்கு அடியில எலுமிச்சம்பழம், பூசணிக்காய் ஒடைக்கறது, கற்பூரம், எல்லாம் ஆனதுக்கப்பறம் நான் பத்தாயிரம் முறுக்கணும். அதுக்கப்பறந்தான் பொரி, சுண்டல். முள்ளு பத்தாயிரத்தத் தொடாம ஒருத்தனும் பொரில கை வைக்க மாட்டான். இந்த வருசம் மாப்பிள்ளை வீட்டுக்காரங்களும் வந்திருக்காங்க, வர்ற வெள்ளிக்கெழம நிச்சயம்னு பேசி வெச்சிருக்குது. பந்தலுக்குச் சொல்லியாச்சு. பயந்த கோளாறுன்னு ஒரு கைக்கொழந்தையத் தூக்கிட்டு ஒரு அம்மிணி நீலாம்பூர்லேர்ந்து வந்து நிக்குது.

வேட்டிய மடிச்சுக் கட்டி, சந்தனம் வெச்சு, ஏறி உக்காந்து ஸ்டார்ட் பண்ணினேன். ஒத்தத் தட்டுல புடிச்சுக்கிச்சு. அடடான்னு இருந்துச்சு. முறுக்கினேன். ரெண்டாயிரம். மூணாயிரம். நாலாயிரம். நாலாயிரத்து ஐநூறு. அங்க போய், என்னமோ விக்கல் வந்த மாதிரி, டுட்டு டுட்டு டுட்டுங்குது. நான் முறுக்கற மட்டும் முறுக்கறேன், கைப்பிடி அதுக்கு மேல சுத்தாது. டுட்டு டுட்டு டுட்டு. மேளக்காரர் அடிக்கறத நிறுத்திட்டுப் பாக்கறாரு. தெரு மொத்தமும் வாயப் பொளந்துக்கிட்டு நிக்குது.

அந்தக் கைக்கொழந்த சிரிச்சுருச்சுங்க.

உங்க கிட்டச் சொல்றதுக்கு என்ன, அந்த எடத்துலயே பூமி பொளந்து உள்ள போயிரலாம்னு இருந்துச்சு. கண்ணுல தண்ணி நின்னுருச்சு. பொரிய ஒருத்தனும் தொடல. கடைசில எங்க மச்சான் மயில்சாமிதான், பல்லடத்துல கோழிப்பண்ண வெச்சிருக்காரு, "சரி சரி, பாதியாவது போச்சில்ல, பாதிப் பொரிய எடுத்துக்கங்க"ன்னாரு. அந்த மனுசனுக்கு எதுல வெளையாடறதுன்னு ஒரு வெவஸ்தை கெடையாதுங்க.

மாப்பிள்ளையத் தனியாக் கூப்பிட்டுக் கேட்டேன். அவன் கொஞ்சம் கூட அலட்டிக்கலீங்க. "கோளாறில்லீங்க மாமா. நான்தான் லிமிட்டு போட்டிருக்கறேன். நியூட்ரல்ல, அதாவது கியர் போடாம, நின்னுக்கிட்டு முறுக்கினா நாலாயிரத்து ஐநூறுல கம்ப்யூட்டர் பெட்ரோலக் கட் பண்ணிரும். கியர்ல போட்டு ரோட்ல ஓட்டினீங்கன்னா பதினோராயிரம் வரைக்கும் தாராளமாப் போகும்"னான்.

என்கிட்டயே கியரப் பத்திப் பேசறானுங்க!

நான் கேட்டேன், "ஏப்பா, ஓடறப்ப சத்தம் பின்னாலயில்ல போயிரும்? ஓட்டறவனுக்கு என்னத்தக் கேக்கும்? நின்னாத்தானே தெருவுக்குக் கேக்கும்?" இதுக்குப் பதில் சொல்லட்டும் பாப்போம். "பாரமில்லாமப் பத்தாயிரம் சுத்தினா என்ஜின் தாங்காதுங்க மாமா"ன்னு சொன்னதையே சொல்லிக்கிட்டு நின்னான். எனக்கு வந்துது பாருங்க கோபம். "லிமிட்ட எடுத்துட்டு வா, நிச்சயத்த வெச்சுக்கலாம். இல்லாட்டி வேற எடம் பாத்துக்க"ன்னுட்டேன். ஆமாங்க, சொல்லிட்டேன். சொன்ன வாய்க்குச் சக்கரையா போடுவாங்க? நிரஞ்சனா ரூமுக்குள்ள போய்க் கதவச் சாத்திக்கிட்டா. பல்லியப் புடிச்சு வெளையாடின புள்ள, அது அழுது நான் பாத்ததே கெடையாது. கதவுக்கு வெளிய நின்னு கேட்டேன். கதவத் தட்டறதுக்குக் கையத் தூக்கினேன். ஆனா வார்த்தைய விட்டாச்சே, என்ன பண்றது?

ரெண்டு வீட்டு ஒறம்பரைகளும், சொந்தபந்தம் பூராவும், கூடிப் பேசலாம்னு உக்காந்தாங்க. நேத்துத்தான், எங்க வீட்டுக் கூடத்துல. பையனோட அப்பா சென்னியப்பன், மில்லுல இருந்து ரிட்டயர் ஆனவரு, தங்கமான மனுசன், "சம்பந்தி, நீங்களும் எறங்கி வரணும், நாங்களும் ஏறி வரணும். ஆறாயிரத்துல முடிச்சுக்கலாமுங்களா?"ன்னாரு.

எங்க மச்சான், "ஆறாயிரமெல்லாம் எங்க அந்தஸ்துக்குச் சரிப்படாதுங்க. ஒம்பது வையுங்க"ன்னாரு.

"எங்க பக்கத்துல யாருக்குமே ஏழுக்கு மேல செஞ்சதில்லீங்க"ன்னு பையனோட பெரியப்பா ஒருத்தர். அவரு எதப் பத்திப் பேசறாருன்னு அவருக்கே தெரியல, பாவம், சீரு பேசறோம்னு நினைச்சுக்கிட்டாரு.

இழுத்துப் புடிச்சு எட்டாயிரத்துக்கு வந்துது. அப்பறம் ரவுண்டா வெக்கக் கூடாது, மொய்யெழுதற மாதிரி ஒண்ணு சேத்துத்தான் வெக்கணும்னு சரோஜினி சொன்னா. எட்டாயிரத்து ஒண்ணு. எல்லாரும் தலையாட்டினாங்க. வெத்தலத் தட்ட எடுத்துட்டு வரச் சொல்லிட்டாங்க. எனக்கும் மனசு எறங்கிருச்சு. பத்தாயிரம் எங்க, எட்டாயிரத்து ஒண்ணு எங்க. ஆனாலும் பொண்ணோட வாழ்க்கையாச்சே, போகட்டும்னு சரின்னேன்.

இந்தப் பையன் எந்திரிச்சு நின்னானுங்க. "மன்னிக்கணுங்க. ஏத்த முடியாது"ன்னான்.

சரோஜினி வெத்தலத் தட்டத் திரும்ப உள்ள எடுத்துட்டுப் போயிட்டா.

"எட்டாயிரத்துக்கு ஏத்தறது எனக்கு ஒரு நிமிச வேலைங்க. லேப்டாப்ப மாட்டி நம்பர மாத்தினாப் போதும். ஆனா இப்படியே நிறுத்தி வெச்சு முறுக்கிக்கிட்டிருந்தா ஒரு நாளைக்கு உள்ளிருக்கற இரும்பு ராடு என்ஜின ஒடச்சுக்கிட்டு வெளிய வரும். மேல உக்காந்திருக்கறது நீங்க. சுத்தி நிக்கறது கைக்கொழந்தைக. நான் எப்படிங்க மாமா மாத்திக் குடுத்துட்டு நிம்மதியாச் சோறு தின்பேன்? கல்யாணம் நின்னா நிக்கட்டுங்க"ன்னான். நிரஞ்சனா ரூம் கதவப் பாக்காமயே சொன்னான்.

பேச்சு நல்லாத்தான் பேசறான், அத நான் இல்லேங்கல.

அப்பத்தான் என்ற பொண்ணு கதவத் தொறந்துக்கிட்டு வெளிய வந்தா. மூஞ்சியெல்லாம் வீங்கிக் கெடக்குது. "அப்பா, நீங்க கேக்கறது பத்தாயிரந்தானுங்களே? நாளைக்குக் காலைல பைபாஸ்ல கியர்ல போட்டு ஒரு தடவ ஓட்டிப் பாருங்க. முள்ளு பத்தாயிரத்தத் தொடலைன்னா எனக்கு இந்தக் கல்யாணம் வேண்டாம், நீங்க பாக்கற மாப்பிள்ளையக் கட்டிக்கறேன். தொட்டுதுன்னா வெள்ளிக்கெழம நிச்சயம். சம்மதமுங்களா?"ன்னு கேட்டா.

ஒறம்பரைக அத்தன பேரும், "ஆகா, இது நாயம்! இது நாயம்!"னுட்டாங்க. மயில்சாமி மச்சான் என்ற மூஞ்சியவே பாத்துக்கிட்டிருந்தாரு. எனக்கென்னங்க பயம்? "தாராளமா!"ன்னு சொன்னேன். தொடையத் தட்டிச் சொன்னேன். எல்லாரும் காலைல வந்தறம்னு கெளம்பிட்டாங்க.

அந்தக் காலைதானுங்க இது.

ஏன் வண்டிய உட்டுட்டு பஸ்ல போறீங்கன்னு கேக்கறீங்க. கரெக்டான கேள்வி. வண்டி அந்த வேகத்துல ஓடணும்னா பிளக்கு நல்லதா இருக்கணும். ஸ்பார்க் பிளக்கு. அது வாங்கத்தான் பொள்ளாச்சி போறேன். கோயமுத்தூர்ல கெடைக்காத பிளக்கு பொள்ளாச்சில கெடைக்குமான்னு அடுத்துக் கேப்பீங்க. கேக்காதீங்க. வீட்லயும் இதத்தான் கேட்டாங்க. நான் பல்லு வெளக்கின கையோட கெளம்பி உக்கடம் வந்து பஸ் ஏறிட்டேன். பிளக்கு மாட்டாம ஓட்டி, தொடலைன்னா? பொண்ணோட வாழ்க்கையில்லீங்களா? எத்தன ஜாக்கிரதையா இருக்கணும்? ராத்திரி முழுக்க அதத்தான் யோசிச்சேன். கையெல்லாம் வேர்த்துக் கொட்டுச்சு. யோசிச்சா எனக்கு அப்படித்தானுங்க, வேர்க்கும்.

ஒரு நிமிசங்க. போன் அடிக்குது. எந்திரிச்சதுலேர்ந்து அடிக்குது, நான்தான் எடுக்கல. என்ற பொண்ணுதான். நீங்க என்ன சொல்றீங்க, எடுத்தறட்டுங்களா? சரி, நீங்க சொல்றதுனால எடுக்கறேன்.

அலோ. சொல்லு கண்ணு. ஆமா, பிளக்கு வாங்கத்தான். வந்தறேன், வந்தறேன். எல்லாரும் வந்துட்டாங்களா? மாப்பிள்ளையோட பெரியப்பாவுமா? காப்பி குடுத்தீங்களா?

என்னது? யாரு ஓட்டினா?

நீயா? சத்தமாச் சொல்லு கண்ணு, பஸ்சு எரைச்சல். எத்தன? பத்தாயிரத்து எத்தன? அறுநூறா! யாரு பாத்தா? மயில்சாமி மாமனா? பின்னால உக்காந்து அவரே பாத்தாரா? ஏன் கண்ணு, பயமா இல்லியா உனக்கு? டேங்க் கனம், அந்த வேகம்... இல்லியா? கொஞ்சம் கூட இல்லியா?

சரி. சரி கண்ணு. ஆமா, தொட்டுருச்சு, நான் சொன்ன சொல்லுதான், மாத்துவனா? வெள்ளிக்கெழமையே வெச்சுக்கலாம். மாப்பிள்ளை கிட்டச் சொல்லு. இல்ல, நானே சொல்றேன், இப்ப வேண்டாம், நேர்ல சொல்றேன்.

நானா? கிணத்துக்கடவு வரப் போகுது. வேண்டாம் கண்ணு, நான் பஸ்லயே திரும்பி வந்தறேன். கார்ல வேணா யாரையாவது... அந்த வண்டிலயா? நீயேவா? இல்ல கண்ணு, எனக்கு முட்டி... ம். ம். சரி. நிக்கறேன். பஸ் ஸ்டாண்டு முன்னாலயே நிக்கறேன்.

கேட்டீங்களா? பத்தாயிரத்து அறுநூறு! என்ற வண்டிங்க அது. பத்தாயிரம் போகும்னு மொதல்லேர்ந்து நான் ஒருத்தன்தானே சொல்லிக்கிட்டிருக்கேன்? எங்க மச்சான் எறங்கினதுலேர்ந்து திண்டுல உக்காந்து சோடா குடிக்கறாராம். கௌரிசங்கர் வண்டிக்குப் பக்கத்துல நின்னு அழுகறானாம். நல்ல பையங்க. நான் அப்பவே சொல்லல?

அவ இங்க வர்றாளாம். கூட்டிட்டுப் போறதுக்கு. நான் வேண்டாம்னு எத்தன சொன்னேன், நீங்களே கேட்டீங்க. "அப்பா, நீங்க ஒண்ணும் ஓட்ட வேண்டாம். சும்மா உக்காந்தாப் போதும்"னு சொல்றா. திட்டிச் சொல்லலீங்க. கிண்டல் பண்ணிச் சொல்லல. மெதுவாச் சொன்னா, கொழந்தைக்குச் சொல்ற மாதிரி. இத்தன வருசத்துல ஒருத்தர் கூட என்கிட்ட இப்படிச் சொன்னதில்லீங்க.

கண்டக்டர் தம்பி, கிணத்துக்கடவு எறக்கம் ஒண்ணு! ஆமாப்பா, பொள்ளாச்சிக்குத்தான் வாங்கினேன், பரவால்ல, விடு. கொஞ்சம் காலத் தள்ளிக்கறீங்களா சார், எறங்கிக்கறேன்.

உங்க கிட்ட ஒண்ணே ஒண்ணு கேக்கணுங்க. இத யாருகிட்டயும் கேக்க முடியாது, நீங்க தெரியாத ஆளு, அதனால கேக்கறேன். பைக்ல பின்னால உக்காந்தா எதப் புடிச்சுக்கறதுங்க?